கிடைத்த ரகசியத் தகவலின் பேரில்

தம்பி,

உன் புத்தகத்துக்கு முன்னுரை கேட்டாய். இரண்டு பக்கம் போதும் என்றாய், திங்கட்கிழமை சாயங்காலம் பிரஸ்ஸுக்குப் போகிறது என்றாய், துறை அனுமதியெல்லாம் வாங்கியாகிவிட்டது என்றாய். "நீங்க எழுதுனாத்தாம்மா அதுக்கு ஒரு கெத்து" என்று கொஞ்சவும் செய்தாய். இன்ஸ்பெக்டர் ஆன பிறகும் காரியம் ஆக வேண்டுமென்றால் உன் குரல் ஆறாம் வகுப்புக்குப் போய்விடுகிறது. கையெழுத்துப் பிரதியை இரண்டு முறை படித்துவிட்டேன். இன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எழுத உட்கார்ந்தால் முன்னுரை வரவில்லை, இந்தக் கடிதம்தான் வருகிறது. இது உனக்கு மட்டும் இல்லை. காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பார்த்த கேஸ்களைக் கதையாக எழுதலாமே என்று பேனாவைத் திறக்கிற எல்லாருக்கும்தான். ஆனால் இதை அச்சில் போடலாமா கூடாதா என்பதை நீயும் நானும் முடிவு செய்யக் கூடாது. அதைச் சொல்ல வேண்டியவள் ஒருத்தி இருக்கிறாள். நாளைக் காலை ஏழு மணிக்கு அவளிடமிருந்து எனக்கு ஒரு மிஸ்டு கால் வர வேண்டும். அது வரும்வரை எனக்குச் சோறு இறங்காது. அதனால் விலாவாரியாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நான் எழுத ஆரம்பித்த கதை உனக்குத் தெரியும். வன்னியம்பட்டியில் பிறந்து, கான்ஸ்டபிளாகச் சேர்ந்து, ஏட்டாகி, கடைசியில் சிறப்பு எஸ்.ஐ.யாக வீட்டுக்கு வந்தவள். ஓய்வு பெற்ற மறு வருடமே ஒரு வாரப் பத்திரிகையில் தொடர் எழுதக் கேட்டார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. முப்பது வருடமாக மேலதிகாரி சொல்லச் சொல்ல எழுதியவளுக்கு, தன் வாயால் சொல்ல ஒரு இடம் கிடைத்தால் எப்படி இருக்கும். உன் அப்பா பட்டாளத்தில் இருந்து வாயை அடக்கிப் பழகியவர். முதல் நான்கு வாரம் படித்துவிட்டு, "நீ எழுதுறது கேஸ் டைரி இல்ல, ஊர்வாய்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. உங்களுக்குப் பொறாமை என்று சொல்லிவிட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அவர் உயிரோடு இருந்திருந்தால் அடுத்த புத்தகத்தின் ஏழாவது அத்தியாயத்தை அச்சுக்குப் போகவே விட்டிருக்க மாட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

உனக்கும் எனக்கும் நடந்த சண்டையை மறந்திருக்க மாட்டாய். முதல் புத்தகத்தில், ஒரு குழந்தை கடத்தல் வழக்கை நான் வீட்டில் சாப்பிடும்போது விவரித்ததைக் கேட்டு, எட்டு வயதுப் பையன் ஒருவன் ஒரு மாதம் படுக்கையை நனைத்தான் என்று எழுதினேன். அந்த எட்டு வயதுப் பையனுக்கு, புத்தகம் வந்தபோது பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். நீ பதினைந்து நாள் என்னோடு பேசவில்லை. "பேரைத்தான் மாத்திட்டேனே" என்று நான் சொன்னபோது, "உங்களுக்கு இருக்கது ஒரே மகன். பேரை மாத்தி என்னம்மா பிரயோசனம்?" என்றாய். அதற்கு நான் சிரித்தேன். பிறகு மருமகளாக வந்தவள்கூட அதைச் சொல்லி உன்னைக் கிண்டல் செய்தாள், அதோடு அது வீட்டுச் சிரிப்பாகப் போய்விட்டது. அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

இனி வழக்குக்கு வருகிறேன். அடுத்த புத்தகத்தில், கொலை செய்த எதிரிக்குக் கருப்பையா என்று பெயர் வைத்தேன், இங்கேயும் அப்படியே கூப்பிடுகிறேன். அவன் மனைவிக்கு இந்தக் கடிதத்தில் பொய்ப் பெயர்கூட வைக்கப் போவதில்லை. இருவரும் ராஜபாளையத்துக்கு வெளியே ஒரு கூடத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறி ஓட்டினார்கள். செண்பகத்தோப்புப் பக்கம் அவனுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அதற்குப் போகிற பாதை யாருடையது என்பதில் பக்கத்து நிலத்துக்காரனோடு இரண்டு தலைமுறைத் தகராறு. ஒரு நாள் அந்தப் பக்கத்து நிலத்துக்காரன் மலையடி ஓடையில் வெட்டுப்பட்டுக் கிடந்தான். கருப்பையாவைப் பிடித்துக் கொண்டுவந்து நான்கு நாள் ஸ்டேஷனில் வைத்திருந்தோம், கணக்கில் ஒரு நாள்தான் இருக்கும். அவன் வாயைத் திறக்கவில்லை. அருவாளும் கிடைக்கவில்லை. அவன் மனைவி தினமும் தூக்குச்சட்டியில் சோறு கொண்டு வருவாள். அதை வாங்கிச் சோதித்து உள்ளே அனுப்புவது ஏட்டம்மாவாகிய என் வேலை. நான்காம் நாள் சட்டியை நீட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "இட்லிக்கு மாவாட்ட முடியல ஏட்டம்மா. வீட்டு ஆட்டுரல் அசையுது" என்றாள். அவ்வளவுதான். சட்டியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். தரையில் பதித்த ஆட்டுரல் யாராவது தோண்டாமல் அசையாது. மறுநாள் அதைப் பெயர்த்தோம். அடியில் அருவாளும், ரத்தம் காய்ந்த பச்சைச் சட்டையும் இருந்தன. எடுத்துக்கொண்டு, ஆட்டுரலைப் பழையபடி பதித்துப் பூசிக் கொடுத்தோம். ஏன் சொன்னாள் என்று வழக்கு முடிந்த பிறகு ஒரே ஒரு முறை கேட்டேன். "செத்தவரு சம்சாரம் என் பக்கத்துத் தறியிலதான் நின்னா. மூணு நாளா என் தோள்லயே சாஞ்சு அழுதா. என்னால ஏலல" என்றாள்.

பதிவேட்டில் என்ன எழுதினோம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. "கிடைத்த ரகசியத் தகவலின் பேரில் எதிரியின் வீட்டைச் சோதனையிட்டதில்." உன் கையும் என் கையும் ஆயிரம் முறை எழுதிய வரி. கோர்ட்டில் வக்கீல் துருவித் துருவிக் கேட்டார், அப்போதைய இன்ஸ்பெக்டர் அந்த வரியைத் தாண்டி ஒரு சொல் சொல்லவில்லை. ஆயுள் தண்டனை ஆனது. அவள் இருபத்திரண்டு வருடம் ஜெயிலுக்குப் பார்க்கப் போனாள். ஜாமீன், பரோல், விடுதலை மனு எல்லாவற்றுக்கும் அவள்தான் அலைந்தாள். அவனுக்குத் தெரியவே தெரியாது. உயிரே இல்லாத அந்த அரசாங்க வரிதான் அவ்வளவு காலமும் அவளைக் காப்பாற்றியது.

அந்த வரியைத்தான் நான் அழித்தேன். ஏழாவது அத்தியாயத்தை முதலில் அப்படியேதான் எழுதி அனுப்பினேன். பத்திரிகை ஆசிரியர் போன் செய்து, "அம்மா, ரகசியத் தகவல்னு எழுதுனா வாசகர் கொட்டாவி விடுவாங்க. உண்மையில என்ன நடந்துச்சு?" என்று கேட்டார். நான் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு நிமிடம் சத்தமே இல்லை. அந்த ஒரு நிமிடம் எனக்கு எவ்வளவு இனித்தது என்று வெட்கத்தோடு சொல்கிறேன். ஒரே மத்தியானத்தில் திருத்தி எழுதினேன். மனைவி என்று எழுதவில்லை, பக்கத்து வீட்டுக்காரி என்று மாற்றினேன். ஊரை மாற்றினேன், தறியை மாற்றினேன். ஆட்டுரலை மட்டும் மாற்றவில்லை. அது இல்லாமல் அந்த அத்தியாயம் நிற்காது என்று பட்டது. புத்தகம் வந்ததும் பாராட்டாத ஆள் இல்லை. நீயும்தான் கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டு, "அந்த ஆட்டுரல் இடம் பிரமாதம்மா" என்றாய். அதைப் பார்த்துத்தான் உனக்கும் எழுத ஆசை வந்தது என்று பிறகு சொன்னாய்.

நான் பயப்படாததற்கு ஒரு காரணம் இருந்தது. அவனுடைய வாக்குமூலத்தை வாசித்துக் காட்டி, அடியில் பெருவிரல் ரேகை வாங்கியது நான்தான். "எழுதப் படிக்கத் தெரியாதவர்" என்று என் கையாலேயே எழுதினேன். என் மனதில் அவன் கைநாட்டாகவே இருந்துவிட்டான். கோப்பில் விட்டபடியே ஒரு மனிதன் இருபது வருடமும் இருப்பான் என்று நினைக்கிற முட்டாள்தனம் நம் தொழிலில் மட்டும்தான் உண்டு. அவன் ஜெயிலில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டான். கடைசி எட்டு வருடம் அங்கே நூலகத்தைப் பார்த்துக்கொண்டதே அவன்தான். விடுதலையாகி வந்தவனுக்கு, தறிக்கூடத்தில் யாரோ பெருமையாக, நம்ம ஊர் ஏட்டம்மா எழுதியது என்று என் புத்தகத்தைக் கொடுத்திருக்கிறார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஸ்ரீவில்லிபுத்தூரில் நம் வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, நரைத்த தலை, கையில் பள்ளிப் புத்தகத்துக்குப் போடுவதுபோல் அட்டை போட்ட புத்தகம். வாசகர் என்று நினைத்து நாற்காலி போட்டேன். "ஏட்டம்மாவுக்கு அடையாளம் தெரியல போல" என்று சிரித்த பிறகுதான் கருப்பையா என்று தெரிந்தது. கையெழுத்துக் கேட்டான், போட்டுக் கொடுத்தேன். காபி குடித்தான். "ஏழாவது அத்தியாயம் நல்லாருக்கு" என்றான். "வாரேன்" என்று போய்விட்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தான். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. மழையைப் பற்றிப் பேசினான், உன்னைப் பற்றி விசாரித்தான். எழுந்திருக்கும்போது, "எங்க வீட்டு ஆட்டுரல்ல பக்கத்து வீட்டுக்காரி எதுக்கு மாவாட்டப் போறா ஏட்டம்மா?" என்று கேட்டான். கதைக்காக நான் சும்மா சேர்த்தது, கற்பனை என்றேன். "அப்படியா. மத்ததெல்லாம் நடந்தபடியே இருக்கே. சட்டைக் கலரு மொதக்கொண்டு" என்றான். பிறகு பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் வந்த பிறகும் பேசாமல் இருந்தால், எதிரில் இருப்பவர் தாங்க முடியாமல் மேலே ஏதாவது சொல்லிவிடுவார். அதை அவனிடம் செய்தவர்கள் நாங்கள். உட்கார வைத்து, நான்கு நாள், அப்படித்தான் செய்தோம். அவன் மறக்கவில்லை.

மூன்றாவது வெள்ளிக்கிழமை நான் ஒரு பொய்யைத் தயார் செய்து வைத்திருந்தேன். எத்தனையோ பேருடைய பொய்யை உடைத்தவள், ஒரு வாரம் உட்கார்ந்து ஒன்றைச் செய்தேன். அவன் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்தேன். "யாரும் சொல்லல கருப்பையா. நீயேதான் சொன்ன. அன்னைக்கு உனக்குக் காய்ச்சல். தூக்கத்துல ஆட்டுரல் ஆட்டுரல்னு புலம்புன. நான்தான் பக்கத்துல இருந்தேன். உன்ன நீயே காட்டிக் குடுத்தன்னு பேரு வரக் கூடாதுன்னுதான் ரகசியத் தகவல்னு போட்டோம்" என்றேன். அவன் வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நம்பிவிட்டான் என்றே நினைத்தேன். பிறகு மெதுவாக, "அங்க நான் தூங்கவே இல்லியே ஏட்டம்மா. நாலு நாளும் உங்க ஆளுக ஒத்த நிமிசம் தூங்க விடலையே" என்றான்.

உண்மை. முறை போட்டு எழுப்பிக்கொண்டே இருந்தார்கள். நானும் ஒரு முறை தண்ணீர் தெளித்தேன். எனக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது, என் எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. நாம் எழுதும் கதைகளில் எதிரி எப்போதும் நன்றாகத் தூங்கி எழுந்துதான் உண்மையைச் சொல்வான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவன் எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டான். "அவ இன்னைக்கும் அதுலதான் மாவாட்டுதா. கிரைண்டர் வாங்கித் தாரேன்னேன், வேண்டாமாம். நேத்து நானும் அசைச்சுப் பாத்தேன். அசையல. நல்லாத்தான் பூசியிருக்கீக" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாளே பஸ் ஏறி ராஜபாளையம் போனேன். தறிக்கூடத்து வாசலில் அவளை வெளியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். தலையில் பஞ்சுத் தூசி, கையில் ஒரு முழம் பேண்டேஜ் துணி. அதை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது, ஆனால் புத்தகம் தெரிந்திருந்தது. "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை சாப்பிட்டுட்டு எனக்கு வாசிச்சுக் காட்டுதாக ஏட்டம்மா. ஒரு வாரத்துக்கு ஒரு பாகம். அஞ்சு முடிஞ்சிருக்கு. ஏழாவதுலதான் நம்ம கதை வருது, பொறுமையாக் கேளுன்னு சொல்லுதாக" என்றாள். என் மகன் கோயம்புத்தூரில் இருக்கிறான், உடனே கிளம்பு, நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று கெஞ்சினேன். அழுதேன், தம்பி. நடுரோட்டில் நின்று அழுதேன். அவள் அழவில்லை. "எங்க போவேன்? எம்புட்டு நாளைக்கு? ஜெயிலுக்குப் பாக்கப் போற ஒவ்வொரு தடவையும், இன்னைக்குக் கேட்டுருவாக இன்னைக்குக் கேட்டுருவாகன்னு நெனச்சுக்கிட்டுத்தான் போவேன். வாசிக்கட்டும். கேட்டாகன்னா சொல்லிருவேன்" என்றாள். பிறகு என் மேல் ஒரு கோபமும் இல்லாத குரலில், "உங்களத்தான் நம்புனேன் ஏட்டம்மா. நீங்க ஊருக்கே சொல்லுவீகன்னு நெனைக்கல" என்றாள். தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு மிஸ்டு கால் மட்டுமாவது கொடு, ஒரு மணி அடித்து நிறுத்திவிடு, நீ இருக்கிறாய் என்று தெரிந்துகொள்வேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து ஒரு நாள் தவறவில்லை. ஸ்டேஷனுக்கும் போனேன். இப்போது இருக்கும் எஸ்.ஐ. நல்ல பிள்ளை. "என்னம்மா புகார் எழுத? புத்தகம் வாசிக்கான்னா?" என்று கேட்டான். நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆறாவது அத்தியாயம் முடிந்தது. இன்றைக்கு ஏழு.

இப்போது உன் புத்தகம். நன்றாக எழுதியிருக்கிறாய், என்னைவிட நன்றாக. அதனால்தான் எனக்குப் பயம். மூன்றாவது வழக்கில், கொலைக்கு வந்த வண்டி எங்கே நிற்கிறது என்று உனக்குச் சொன்ன ஆளை, பெயர் மாற்றி ஊர் மாற்றி, இடது கையில் இரண்டு விரல் இல்லாத டீ மாஸ்டர் என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கையால் அவர் டீ ஆற்றும் விதத்தை ஒரு பக்கம் வர்ணித்திருக்கிறாய். படித்தபோது எனக்கே அந்தக் கை கண்ணில் நின்றது. அவரைத் தெரிந்தவர்களுக்கு எப்படி நிற்கும் என்று யோசித்தாயா? தண்டனை வாங்கிய மூவரில் ஒருவன் அடுத்த வருடம் வெளியே வருகிறான் என்று கடைசிப் பத்தியில் நீயே எழுதியிருக்கிறாய். விரலுக்குப் பதிலாகக் காலை மாற்றிவிடுகிறேன் என்று சொல்லாதே. நானும் மனைவியைப் பக்கத்து வீட்டுக்காரி ஆக்கியவள்தான். நமக்கு எது நல்ல இடம் என்று தோன்றுகிறதோ, அங்கேதான் யாரோ ஒருவர் நம்மை நம்பி நின்றுகொண்டிருக்கிறார்.

இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை. பொழுது சாய்ந்துவிட்டது. அவர்கள் வீட்டில் இப்போது சாப்பாடு முடிந்திருக்கும். மிச்சத்தைக் காலையில் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை. ஏழு மணிக்கு வரவில்லை. ஏழே காலுக்கு வந்தது, அவள் எண்தான். ஒரு மணியில் நிற்கவில்லை, அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தேன்.

"ஏட்டம்மா, நேத்து ஏழாவது அத்தியாயம் வாசிச்சு முடிச்சேன்" என்றான்.

"அவ எங்க?"

"கேட்டேன். ஆமான்னா. இருவத்திரண்டு வருசமா நான் யோசிச்சது, ஒத்தச் சொல்லுல முடிஞ்சுபோச்சு."

"போனை அவகிட்ட குடு கருப்பையா."

பின்னால் ஒரு பாத்திரச் சத்தம்கூட இல்லை. காலை ஏழே கால் மணிக்கு, தறிக்குப் போகிறவள் வீட்டில்.

"தெனம் காலையில உங்களுக்குத்தான் மணி அடிக்காளாமே. அதையும் சொன்னா" என்றான். "இனிமே நீங்க அதுக்காகக் காத்திருக்க வேண்டாம் ஏட்டம்மா." வைத்துவிட்டான். திருப்பி அடித்தால் ஸ்விட்ச் ஆஃப்.

ஸ்டேஷனுக்குச் சொல்லிவிட்டேன். இந்த முறை அந்தப் பிள்ளை ஒன்றும் கேட்கவில்லை, ஜீப்பை எடுக்கிறேன் என்றான். நானும் கிளம்புகிறேன், ஆட்டோ வாசலில் நிற்கிறது, நின்றபடியே எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புகிறேன். நீ இன்று சாயங்காலத்துக்கு முன்னால் ஒரு வேலை செய். அந்த டீ மாஸ்டரை எடுத்துவிடு. கையை, கடையை, டீ ஆற்றுவதை, எல்லாவற்றையும் எடுத்துவிடு. அந்த இடத்தில் "கிடைத்த ரகசியத் தகவலின் பேரில்" என்று மட்டும் எழுது. வாசகர்கள் கொட்டாவி விடட்டும்.

அம்மா